தபசு காலத்து இரத்தம்

சில்வெஸ்டர் மாமா எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் சாரத்தைச் சற்றுத் தூக்கி, கணுக்காலுக்கு மேலே கைப்பெருவிரலை ஊன்றி அழுத்துவார். விரலை எடுத்ததும் அந்த இடத்தில் குழி நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். குழி நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது. சதை உடனே எழும்பினால் அன்றைக்குப் பயமில்லை. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு டொக்டர் அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அதன்பிறகு பஸ்ஸில், கோயிலில், கல்யாணப் பந்தலில், கதை நடுவில் என்று எங்கேயும் அந்தப் பெருவிரல் ஓயவில்லை. போகப்போக மற்றவர்களின் காலுக்கும் அது பரவியது. புளியந்தீவில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கால் வீங்கியிருப்பதாக அவருக்குப் பட்டுவிட்டது. மைக் வயரைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்து, மாப்பிள்ளையின் காற்சட்டையைத் தூக்கி அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். "சப்பாத்து கடிச்சிருக்கு, வேற ஒண்டுமில்ல" என்று பெண் வீட்டாருக்கு அறிவித்தார். நல்லவேளை, மைக்கில் அல்ல.

மாமாவின் தொழில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு அம்பிளிபயர், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள். அவற்றை ஏற்றி இறக்குவதற்குக் காத்தான்குடி அசனாரின் பழைய வான். ஆரையம்பதியில் கோயில் திருவிழாவா, காத்தான்குடியில் கல்யாணமா, நாவற்குடாவில் பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசையா, எல்லாவற்றுக்கும் இவர்கள் இருவரும்தான். எங்கே போனாலும் ஸ்பீக்கர்காரருக்கு ஒரு சாப்பாடு உண்டு. அதுவே பிறகு சிக்கலானது.

அவருக்கு முப்பது வயதாகும்போது சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியது. பேசி வைத்திருந்த பெண்வீட்டார் மெல்ல விலகிக்கொண்டார்கள். மாமா எங்கள் வீட்டு முன்னறையிலேயே தங்கிவிட்டார். உப்பில்லாத சோறு, உப்பில்லாத கறி. மீன் என்றால் விரலளவு துண்டு. வாவிக்கரை வீட்டில், அப்பா வலையிலிருந்து நண்டும் இறாலும் கொண்டுவந்து கொட்டும் வீட்டில், அந்த மனிதர் வருடக்கணக்காக அவித்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டின் கடைசியில் இரத்தத்தில் யூரியா ஏறி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. நகங்கள் வெளுத்துவிட்டன.

எங்கள் மாதா கோயில் பங்குச் சுவாமியார் தமிழ்நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு எழுதினார். உறவுக்காரர் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து வைக்கலாம் என்று பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் தாயின் வீடு மகளுக்குத்தான் போகும், மகனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அம்மா அதைத்தான் காரணமாகச் சொன்னார். அவர் மாமாவுக்கு நான்கு வயது மூத்தவர், பெயர் அஞ்சலா.

"வீடு எனக்கு வந்திட்டு. தம்பிக்கு இதையாவது குடுக்கத்தானே வேணும்" என்றார். கிணற்றடியில் காணி கொஞ்சம் பிரித்துக் கொடுப்பதுபோல.

இரத்தம் பொருந்தியது. தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார்கள். எழுபத்து மூன்று மார்ச் மாதத்தில் அறுவைச் சிகிச்சை. முதலில் அம்மா திரும்பி வந்தார், விலாவில் நீண்ட தழும்போடு. சில மாதங்கள் கழித்து மாமா வந்தபோது எங்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. போகும்போது வற்றியிருந்த முகம், பௌர்ணமி நிலாப் போலத் திரும்பி வந்திருந்தது. நகங்கள் சிவந்திருந்தன. வெயில் பட்டுக் கன்னம் மினுங்கியது.

"இப்பதான் என்ட தம்பிக்கு முகத்தில சதை பிடிச்சிருக்கு" என்று அம்மா அழுதார்.

அது சதை அல்ல, குளிசையின் வேலை. புதிய சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளாமலிருக்க அவர் தினமும் குளிசை விழுங்க வேண்டும். அதில் ஒன்று முகத்தை ஊதச்செய்யும், பசியைக் கிளப்பும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஸ்பீக்கர் சில்வெஸ்டர் பிழைத்து வந்திருக்கிறார், கொழுகொழுவென்று இருக்கிறார், இவ்வளவு காலம் பட்டினி கிடந்தவர், போடுங்கள் இன்னொரு கரண்டி. கல்யாண வீடுகளில் அவருக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, நண்டுச் சினை, எருமைத் தயிர். மாவுக்கும் சீனிக்கும் சனம் வரிசையில் நின்ற அந்த வருடங்களிலும் மாமாவின் தட்டில் குறை இருக்கவில்லை. குளிசைப் பசிக்கும் ஊரின் அன்புக்கும் நடுவில் அவர் மகிழ்ச்சியாக அகப்பட்டுக்கொண்டார்.

தபசு காலம் மட்டும் விதிவிலக்கு. அம்மா அறுவைச் சிகிச்சைக்குப் போகும் முன் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். தம்பி பிழைத்தால், சாம்பல் புதன் தொடங்கி, பாஸ்கு என்ற உயிர்ப்புத் திருநாள் வரை, நாற்பது நாளும் வீட்டில் மச்சமே இல்லை. மச்சம் என்று நாங்கள் சொல்லும் மீன், இறைச்சி, முட்டை எதுவும் இல்லை, நெய்யில்லை, தயிரில்லை, தேங்காய்ப்பால்கூட ஒறுத்தல். கஞ்சியும் பயறும் கீரையும். மாமா இதை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார். தன் வயிற்றுக்குள் இருப்பதைத் தந்தவர் சொல்லும்போது எப்படி மறுப்பது? அந்த நாட்களில் காத்தான்குடிக் கல்யாணத்தில்கூட அசனார் காவல் நின்று, பால் விடாத பிளேன்ரீ மட்டும் வாங்கிக் கொடுப்பார்.

மாமா வருடத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய் முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அறுவைச் சிகிச்சை நடந்த மாதத்தையே அதற்குக் குறித்திருந்தார்கள். எழுபத்தாறில் நானும் துணைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து முடித்து, வேலையில்லாமல் வீட்டிலிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அப்படிப் படித்த முதல் ஆள். அம்மா எல்லோரிடமும் "மகள் படிச்சிட்டு வந்திருக்கா" என்பார். எதைப் படித்தேன் என்று யாரும் கேட்டால் அம்மாவுக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது. மாமாவுக்குத் துணை போவதுதான் பட்டம் வாங்கிய பிறகு நான் செய்த முதல் உருப்படியான காரியம்.

காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் எடுத்தார்கள். அதன்பின் கன்ரீனுக்குப் போனோம். மீன் பணிஸும் முட்டை றோல்ஸும் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. நான் இரண்டு சொல்லப் போனேன். மாமா தடுத்தார்.

"எனக்கு வேணா புள்ள, தபசு காலமெல்லோ. வெறும் பாணும் வாழப்பழமும் போதும்." பிறகு றோல்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாஸ்குக்கு அசனார்ர வீட்டில புரியாணி. அடுத்த நாள் ஆரையம்பதியில கல்யாணம். மறுகா செங்கலடியில ரெண்டு. மே மாசம் முழுக்க நாள் இல்ல."

பாண் ரொட்டியைப் பிட்டபடியே நான் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் முட்டை மஞ்சட்கருவிலிருந்து கொலஸ்திரோலைப் பிரித்தெடுத்து, அமிலம் விட்டு, அது பச்சையாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதிகமாக இருந்தால் கடும்பச்சை. அந்தக் கொழுப்பைத்தான் இப்போது மாமாவின் இரத்தத்திலும் தேடப்போகிறார்கள். பரிசோதனைக்கு ஓர் இரவு பட்டினி போதும். இவரோ வாரக்கணக்காகக் கஞ்சியில் இருக்கிறார். போன வருடமும் மார்ச், அதற்கு முந்தின வருடமும் மார்ச். கொழும்பில் யாரும் இவருடைய மே மாதத்து இரத்தத்தைப் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்து டொக்டரைப் பார்த்தோம். அவர் சிங்களவர், ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொல்வது என் வேலை. மிகவும் சந்தோஷமாக இருந்தார். யூரியா நல்லது, கிரியற்றினின் நல்லது, அதாவது சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது. கொலஸ்திரோல் இருநூற்றுப் பத்து. இந்தக் குளிசை விழுங்குகிறவர்களுக்கு அது வழக்கமாக ஏறும், இவருக்கு ஏறவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஓர் இளம் டொக்டரைக் கூப்பிட்டு மாமாவைக் காட்டினார். மட்டக்களப்பார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். நான் அதையும் தமிழில் சொன்னேன். மாமா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய விருந்தாளி போலச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் இரசாயனம் வாய் திறக்கவில்லை.

றெயிலில் வரும்போதுதான் சொன்னேன். மாமா கடலைச் சுருளைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் டொக்டருக்குப் பொய் காட்டிட்டு வாறன் எண்டு செல்றாய்?"

"நீங்க பொய் காட்டல்ல மாமா. மாசம் பொய் காட்டுது."

அவர் பெரிதாகச் சிரித்தார். எதிரே இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குச் செல்லிட்டாய், சரி. அக்காக்கு என்னெண்டு செல்லப் போறாய்?"

அதுதான் கேள்வி. அந்த இருநூற்றுப் பத்து அம்மாவுக்கு வெறும் எண் அல்ல. தன் ஒறுத்தலுக்கு மாதா வருடாவருடம் அனுப்பும் பதில் என்று அவர் நம்பியிருந்தார். கோயிலில் சந்திக்கும் ஜோசப்பின் என்ற மாமிக்குக்கூட அந்த எண்ணைச் சொல்லியிருந்தார். நேர்த்தியால்தான் எண் நன்றாக இருந்தது என்பதும் உண்மை. அந்த நேர்த்திதான் ஆபத்தை மறைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அம்மாவிடம் சொல்ல எனக்கு எந்த வகுப்பிலும் கற்றுத்தரவில்லை. கொஞ்சம் படித்துவிட்டு வந்து பெற்றவளின் விசுவாசத்தில் கை வைக்கிறேனா, அல்லது அவர் கொடுத்த சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறேனா என்று வழி முழுக்க யோசித்தேன். மாமா நித்திரையாகிவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார். அன்று சாமான் இறக்க வந்திருந்த அசனார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"அது சரிதானே அக்கா" என்றார். "நாங்களும் நோம்புல மெலியிற, பெருநாளைக்கு ஊதுற. நோம்புல என்னைப் புடிச்சு நிறுத்துப்போட்டு, அசனார் கொடிபோல இருக்கான் எண்டு செல்ல ஏலுமா?"

அசனாரின் வயிற்றைப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"எந்த மாசத்திலயும் எடுத்துப் பாருங்க. தை மாசம் எடுங்க. மாசம் பாத்தா மாதா உதவி செய்றவ?"

எழுபத்தேழு தை மாதம் போனோம். நத்தார், புதுவருடம், பொங்கல் மூன்றையும் மாமா முறைப்படி அனுபவித்துவிட்டு வந்திருந்தார். அதே டொக்டர், அதே கதிரை. இந்த முறை அவர் இளம் டொக்டரைக் கூப்பிடவில்லை. கொலஸ்திரோல் முந்நூற்று முப்பது. பிறசர் என்ற இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. இரத்தத்தில் சீனியும் எல்லையில் நின்றது. ஆய்வுகூடத்தில் பிழை நடந்திருக்குமோ என்று டொக்டர் சந்தேகப்பட்டார். நான் தபசு காலத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நன்றி சொன்னார்.

அவர் விளக்கியதை நான் இப்படித் தமிழாக்கினேன்: "மாமா, கிட்னி நல்லா இருக்கு. அதுக்கு இப்ப ஒரு பயமும் இல்ல. ஆனா அதைக் காப்பாத்திற குளிசையே கொழுப்பையும் பிறசரையும் ஏத்துது. அது போய் இதயத்துக்குப் போற இரத்தக் குழாயில படியும். இப்பிடி மாத்தி வெச்ச ஆக்கள்ள கிட்னி வேல செய்யக்குள்ளேயே இதயம் நிண்டு போறவங்க இரிக்காங்களாம். குளிசைய விட ஏலா. சாப்பாட்டைத்தான் விடலாம்."

மாமா தலையாட்டினார். முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. அப்போது டொக்டர் இன்னொரு கேள்வி கேட்டார். சிறுநீரகம் கொடுத்தவருக்குக் கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தது? அவருக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான், அவருடைய பிறசரை யார் பார்க்கிறார்கள்?

நான் அதையும் வழக்கம்போலத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதுதான் அது என் அம்மாவைப் பற்றிய கேள்வி என்பது எனக்கு உறைத்தது. தழும்போடு கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அம்மாவை எந்த டொக்டரும் தொடவில்லை. தந்தவர் நோயாளி இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

மாமாவின் முகம் அந்தக் கேள்விக்குத்தான் மாறியது. வெளியே வந்து படியில் நின்றுகொண்டு சொன்னார்:

"அடுத்த முறை வரக்குள்ள அக்காவைக் கூட்டிட்டு வாறது என்ட பொறுப்பு. நீயில்ல, அப்பாவில்ல. நான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் அப்படியே சொன்னார். அம்மாவுக்கு முந்நூற்று முப்பதுதான் காதில் நின்றது. அன்று மாலை மாதாவின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் முழந்தாளில் இருந்தார். சண்டை பிடித்தாரா சமாதானம் செய்தாரா தெரியாது. எழும்பி வந்து, "இனி இந்த வீட்டில வருசம் முழுக்கத் தபசுதான்" என்றார்.

அப்பாதான் பாவம். நண்டை விற்றுவிட்டு வெறும் கூடையோடு வீட்டுக்கு வரப் பழகினார்.

மாமா தன்னால் முடிந்தமட்டும் ஒழுங்காக இருந்தார். கல்யாண வீடுகளில் கொடுப்பதை வாழையிலையில் கட்டி அசனாரின் பிள்ளைகளுக்கு அனுப்பினார். ஸ்பீக்கர் கட்ட மரம் ஏறுவதை விட்டார். ஆனால் ஒரு வழி வைத்திருந்தார். திருநாள் என்றால் ஒறுத்தல் இல்லை என்பது திருச்சபைச் சட்டம் என்று சாதித்தார். அந்த வருடம் மாமாவுக்குத் தெரிந்த புனிதர்களின் தொகை வேகமாகக் கூடியது. புதன்கிழமை ஒருவர், வெள்ளிக்கிழமை ஒருவர். நான் சுவாமியாரின் நாட்காட்டியை வாங்கிவந்து ஒவ்வொருவராகச் சரிபார்த்தேன்.

"இந்த அந்தோனியார் ஜூன் மாசமெல்லோ மாமா?"

"அவருக்கு ரெண்டு திருநாள் புள்ள. ஒண்டு செத்த நாள், ஒண்டு பிறந்த நாள்."

"பிறந்த நாள் என்னெண்டு தெரியும்?"

"எனக்கு அவர்ர குடும்பத்தைத் தெரியும்" என்றார்.

அப்படியிருந்தும் ஆவணியில் எடுத்த இரத்தத்தில் கொலஸ்திரோல் இருநூற்று அறுபதுக்கு இறங்கியிருந்தது. தபசு அல்லாத ஒரு மாதத்தில், உண்மையான இரத்தத்தில். மாமா அந்த எண்ணை ஊர் முழுக்கச் சொன்னார். பழைய இருநூற்றுப் பத்தை அவர் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அம்மாவும் மாதாவோடு சமாதானமாகிவிட்டார்.

அந்த ஆவணியில் அம்மாவும் கூடப் போயிருக்க வேண்டும். பெரியகல்லாற்றில் பெரிய திருவிழா, ஸ்பீக்கரை இறக்கிய கையோடு மாமா நேரே றெயிலுக்கு ஓடிவிட்டார். "மார்கழியில கட்டாயம்" என்றார். மார்கழியில் வெள்ளம் தண்டவாளத்தை மூடிவிட்டது. அடுத்த மார்ச்சில் அம்மாவே வயிற்றுவலி என்றார். சாக்கு என்று எங்களுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஊசிக்கு அம்மா பயம். உடம்பைக் கிழித்துச் சிறுநீரகம் கொடுத்தவர், விரல் நீள ஊசிக்குப் பயந்தார். "ஆவணியில தூக்கிட்டாவது போவன்" என்று மாமா சத்தியம் பண்ணினார்.

இந்த வருடம் ஆடி மாதம் செங்கலடியில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. மத்தியான வெயில். அசனார் பூவரச மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தார். மாமா கீழே கதிரையில் இருந்து "இன்னும் கொஞ்சம் இஞ்சால கிறுக்கு, சத்தம் வயல் வட்டைக்குள்ள போகுது, மாடுதான் கேக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அசனார் திருப்பிவிட்டுக் கீழே பார்த்தபோது மாமா நெஞ்சில் கையை வைத்திருந்தார். எரியுது என்றாராம். வானில் பின்சீற்றில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். பின்னேரம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மாமாவைச் சேர்த்ததும் எடுத்த இரத்தத்தின் முடிவு ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தது. அங்கிருந்த டொக்டர், தமிழர், என்னிடம் சொன்னார்: மாரடைப்பு, யூரியா சாதாரணம். அம்மா என் கையைப் பிடித்திருந்தார்.

"என்னவாம்?"

"இதயமாம் அம்மா."

"நான் குடுத்தது?"

"அது கடைசி மட்டும் நல்லா வேல செஞ்சதாம்."

அம்மா தலையை ஆட்டினார். அந்தப் பதிலால் அவருக்கு ஆறுதல் வந்ததா, இல்லை ஏமாந்துபோனதாக உணர்ந்தாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எனக்கு இப்போது வந்தாறுமூலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. போன மாதம் லீவு போட்டு, கொழும்பு டொக்டருக்கும் எழுதி, நாளும் வாங்கினேன். அம்மாவிடம் சொன்னேன். அவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் தபசு முடிந்துவிட்டது.

"உனக்கேன் மகள் அது? தம்பிதானே தன்ட பொறுப்பெண்டவன்."

"மாமா இல்லையே அம்மா."

"இல்லத்தான். அதுக்காக அவன்ட கடனை நீ எடுத்துக் கட்டினா, அவன் எனக்குத் தரவெண்டு மறுகா என்ன மிச்சம் இரிக்கும்?"

நான் உரித்த இறால் ஓடுகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். டொக்டர் தந்த நாள் வந்து போய்விட்டது. அம்மாவின் இரத்தத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை.